மனசு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

“எழுந்து குளிக்க மனசு வரல.” “அக்கா ஃபோன் பண்ணாங்க, எடுக்க மனசு வரல.” “கல்யாணத்துக்குப் போக மனசே வரல.” இப்படி நாம் அடிக்கடி சொல்கிறோம். இந்தப் பேச்சுக்குள் ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது: முதலில் மனசு வர வேண்டும், அப்புறம்தான் கை கால் நகரும். சாதாரண நாட்களில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. இன்று வராத மனசு நாளைக்கு வந்துவிடும். மனச்சோர்வில் விழுந்தவருக்கு நாளைக்கும் வராது, அடுத்த வாரமும் வராது. அவர் காத்திருக்கிறார். காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் மனசு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிற ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்பது அதன் பெயர். தமிழில் செயலூக்க முறை என்று சொல்லிக்கொள்வோம். சின்னதாக ஒரு செயல் முன்னால் போகும், மனசு மெதுவாகப் பின்னால் வரும். கேட்டால் பாட்டி சொன்ன அறிவுரை போலத்தான் இருக்கும். ஆனால் இது 50 வருடமாக ஆராயப்பட்டு, மாத்திரையோடும் மற்ற மனநலச் சிகிச்சைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட முறை. எப்படி வேலை செய்கிறது, வீட்டில் எப்படித் தொடங்குவது, எங்கே இது மட்டும் போதாது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

மன அழுத்தமா, மனச்சோர்வா?

நம் பேச்சில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பரீட்சை, கடன், அலுவலகத்தில் தரும் கெடு என்று வெளியிலிருந்து வருகிற நெருக்கடியையும் அப்படித்தான் சொல்கிறோம். நோயாகிப்போன சோர்வையும் அப்படியே சொல்கிறோம். நெருக்கடி விலகினால் முதலாவது பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். இரண்டாவது அப்படி இறங்காது. அதை மனச்சோர்வு என்று தனியாகச் சொல்வது நல்லது.

மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான். குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்க வேண்டும், அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போயிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று கட்டாயம். அதோடு தூக்கம் கெடுவது அல்லது எந்நேரமும் தூங்குவது, பசி மாறுவது, அசதி, கவனம் நிற்காதது, உடல் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு, சாவைப் பற்றிய எண்ணம். இந்த ஒன்பதில் குறைந்தது ஐந்து சேர்ந்து வந்து, அன்றாட வாழ்க்கையும் தடுமாறினால் அது மனச்சோர்வு.

நம்மூரில் பலர் இதை மனசின் பெயரால் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போவதில்லை. தலைவலி, நெஞ்சு பாரம், கை கால் குடைச்சல், வயிறு சரியில்லை என்றுதான் போகிறார்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும். “ஒண்ணுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார். அவர்களில் பெரும்பாலானோருக்குச் சிகிச்சையே கிடைத்திருக்கவில்லை.

பெரியப்பாவின் கட்டில்

இந்த முறை எனக்கு அறிமுகமானது என் பெரியப்பா வழியாக. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். 30 வருடத்துக்கும் மேலாகக் காலை ஐந்தரைக்குத் தெருமுனைக் கடையில் டீ, ஆறரைக்குப் பணிமனை, சாயங்காலம் திரும்புகிற வழியில் யாரோடாவது கொஞ்சம் பேச்சு என்று வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற முதல் மாதம் நன்றாகத் தூங்கினார். “இப்பவாவது நிம்மதியா இருங்க” என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

ஆறாவது மாதம் டீக்கடைக்குப் போவது நின்றது. பெரியம்மா கேட்டதற்கு, “யாரைப் பார்த்து என்ன பேசப் போறேன்?” என்றார். ஷேவ் செய்வது வாரத்துக்கு ஒருமுறை ஆனது. அப்புறம் அதுவும் இல்லை. கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றச் சொன்னார். டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. “தெம்பா இருங்க பெரியப்பா”, “கோயிலுக்குப் போயிட்டு வாங்க”, “உங்களுக்கு என்ன குறை? பசங்க நல்லா இருக்காங்க” என்று ஆளாளுக்குச் சொன்னோம். அன்பில்தான் சொன்னோம். அது அவருக்கு எப்படிக் கேட்டது என்பதைத் தேறிய பிறகு சொன்னார்: “உங்களுக்கெல்லாம் பாரமாயிட்டேன்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு.”

உள்ளே என்ன நடக்கிறது?

1970களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லூயின்சோன் என்ற உளவியலாளர் மனச்சோர்வை ஒரு புதுக் கோணத்தில் பார்த்தார். ‘உள்ளே என்ன கோளாறு’ என்று மட்டும் கேட்காமல், ‘இவருடைய அன்றாடத்திலிருந்து எதெல்லாம் காணாமல் போயிருக்கிறது’ என்று கேட்டார். நாம் செய்கிற செயல்களுக்கு உலகத்திலிருந்து சின்னச் சின்னப் பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. டீக்கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை குறைத்துத் தருவது ஒரு பதில். உட்கார்ந்துபோன எஞ்சின் நம் கைபட்டு உயிர் பெறுவது ஒரு பதில். “அண்ணே, நேத்து ஆளக் காணோமே” என்று ஒருவர் கேட்பது ஒரு பதில். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோனால்தான் எதைத் தின்று நம் மனம் உயிரோடு இருந்தது என்று தெரிகிறது.

ஓய்வு பெற்றால் இந்தப் பதில்கள் நின்றுபோகலாம். கல்யாணமாகிப் புது ஊருக்குப் போன பெண்ணுக்கு நின்றுபோகலாம். வேலை போனவருக்கு, துணையை இழந்தவருக்கு, குழந்தை பெற்று நாலு சுவருக்குள் அடைந்தவருக்கு, விடுதியில் யாரையும் தெரியாத முதலாண்டு மாணவருக்கு நின்றுபோகலாம். லூயின்சோனும் அவர் குழுவினரும் மனிதர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய 320 செயல்களை ஒரு பட்டியலாகவே தயாரித்து, யார் எதைச் செய்கிறார்கள், எது எவருக்குப் பிடிக்கிறது என்று கணக்கெடுத்தார்கள்.

இதற்கு மேல் ஒரு கண்ணி இருக்கிறது, அதுதான் ஆளை உள்ளேயே பிடித்து வைக்கிறது. ஃபோன் அடிக்கிறது, எடுக்கவில்லை. அடுத்த நிமிடம் ஒரு நிம்மதி வருகிறது: ‘அப்பாடா, பேச வேண்டியதில்லை.’ அந்த நிம்மதி உண்மையானது. அதனாலேயே மூளை அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது, அடுத்த முறை எடுக்காமல் விடுவது இன்னும் சுலபமாகிறது. சாயங்காலம் பார்த்தால் பேச வேண்டியவரிடம் பேசவில்லை, ஒரு குற்ற உணர்வு கூடியிருக்கிறது, அவரும் இனி அழைக்க யோசிக்கிறார். விலகினால் ஐந்து நிமிட நிம்மதி. அந்த ஐந்து நிமிடத்துக்கு விலையாக ஒரு வாரம் போகிறது. சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வலிக்கிற காலைத் தரையில் ஊன்றாமல் நடப்பது போலத்தான் இதுவும். ஊன்றாத கால் நாளாக ஆக மெலிகிறது.

வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

நீல் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையின் முடிவு 1996இல் வெளிவந்தது. அப்போது பெரிதாகப் பேசப்பட்டது எண்ணங்களை மாற்றும் சிகிச்சை. ‘நான் தோற்றவன்’ என்ற எண்ணத்தைப் பிடித்து, அது சரியா என்று ஆராய்ந்து திருத்துவது அதன் மையம். அதே சிகிச்சையில் அன்றாடச் செயல்களைத் திட்டமிடுவதும் ஒரு சின்னப் பகுதியாக இருந்தது. ஜேக்கப்சன் அதைப் பிரித்தெடுத்து, மனச்சோர்வுள்ள சுமார் 150 பேரில் ஒரு பிரிவினருக்குச் செயல் பகுதியை மட்டும் கொடுத்தார், இன்னொரு பிரிவினருக்கு முழுச் சிகிச்சையையும் கொடுத்தார். செயல் பகுதி மட்டும் பெற்றவர்கள், முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சமமாகவே தேறினார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 241 பேரிடம் நடந்து 2006இல் வெளியான அடுத்த ஆய்வில், சோர்வு கடுமையாக இருந்தவர்களிடம் இந்த முறை மாத்திரைக்கு ஈடுகொடுத்தது.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது கோவாவில் நடந்தது. ‘சங்காத்’ என்ற தொண்டு நிறுவனம் அங்கே இருக்கிறது. கொங்கணியில் அந்தச் சொல்லுக்குச் சேர்ந்திருத்தல் என்று பொருள். கேட்டதும் நம் ‘சங்காத்தம்’ நினைவுக்கு வருகிறது. மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் குழுவினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மிதத்துக்கு மேலும் கடுமையாகவும் மனச்சோர்வு இருந்த 495 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆறிலிருந்து எட்டு அமர்வுகள் வரை ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்களோ உளவியல் படித்தவர்களோ கிடையாது. அந்தப் பகுதியில் வசிக்கும் சாதாரண மனிதர்கள், இதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டவர்கள். அவர்கள் கற்றுக்கொடுத்ததன் மையம் இந்தச் செயலூக்க முறைதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். 2017இல் லான்செட் இதழில் இது வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் மிச்சமிருந்தது.

மனநல மருத்துவர் பக்கத்தில் இல்லாத ஊர்கள் நிறைந்த நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! பெரிய படிப்பில்லாமல், அக்கறையும் பயிற்சியும் உள்ள ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு இது எளிமையானது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பால் பாக்கெட்

பெரியம்மா ஒருவழியாக அவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். இதை யாரும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தைராய்டு சுரப்புக் குறைவும் பி12 பற்றாக்குறையும் மனச்சோர்வு போலவே வேடம் போடும். மாத்திரை எழுதினார்கள். அப்புறம் ஆலோசகர் ஒருவர் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார்.

“ஐயா, இந்த வாரம் எதையும் மாத்த வேண்டாம். மணிக்கு ஒரு தடவை என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரி, அப்ப மனசு எப்படி இருந்துச்சுன்னு பத்துக்கு ஒரு மார்க். அவ்வளவுதான்.”

இந்தப் படியைத்தான் நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் அடித்தளம். மனச்சோர்வில் இருப்பவருக்கு ‘நாள் முழுக்க ஒரே மாதிரி மோசம்’ என்றுதான் தோன்றும். எழுதிப் பார்த்தால் அப்படி இருக்காது. பெரியப்பாவின் நோட்டில் கட்டிலில் கிடந்த மணிகளுக்கெல்லாம் ஒன்று, இரண்டு. ஒரு வியாழக்கிழமை காலை மட்டும் நான்கு. என்னவென்று பார்த்தால், மிக்ஸியின் பிளக் தளர்ந்திருந்ததைப் பெரியம்மா நீட்ட, ஸ்க்ரூ டிரைவர் வைத்து முறுக்கிக் கொடுத்திருக்கிறார். பத்து நிமிட வேலை. அவருக்கே நினைவில் இல்லை, நோட்டில்தான் இருந்தது. எதைக் கூட்ட வேண்டும் என்பதற்கான தடயம் அங்கேதான் கிடைத்தது.

அடுத்த வாரம் முதல் செயல். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடை, யோகா வகுப்பு என்று ஆலோசகர் ஆரம்பிக்கவில்லை. காலை ஆறரைக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பால் பாக்கெட் வாங்கி வர வேண்டும். அது மட்டும். அதிலும் பெரியப்பாவுக்கு முதல் இரண்டு நாள் முடியவில்லை. ஆலோசகர் திட்டவில்லை, செயலை இன்னும் சிறிதாக்கினார்: “சட்டையை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து நில்லுங்க. போகணும்னு தோணலைன்னா திரும்பிடுங்க.” மூன்றாம் நாள் வாசல் வரை வந்தவர் கடை வரை போய்விட்டார்.

நீங்களே முயன்று பார்க்கும்போது கவனிக்க வேண்டியதும் இதுதான். ‘இது ரொம்பச் சின்னது, வெட்கமாக இருக்கிறது’ என்று தோன்றும் அளவுக்குச் சிறியதாக எடுங்கள். ‘குளிக்க வேண்டும்’ பெரிதாக இருந்தால் ‘துண்டை எடுத்துத் தோளில் போட வேண்டும்’ என்று வையுங்கள். ‘வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும்’ பெரிதாக இருந்தால் ‘இரண்டு டம்ளர் கழுவ வேண்டும்’ போதும். அந்தச் செயலை மனநிலையோடு கட்டாமல் கடிகாரத்தோடு கட்டுங்கள். ‘கொஞ்சம் தெளிவானதும் நடக்கிறேன்’ என்றால் நடக்கவே மாட்டோம். ‘சாயங்காலம் ஐந்தே காலுக்கு, தெருக்கோடி வேப்பமரம் வரை’ என்றால் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். நேரமும் இடமும் எழுத்தில் இருக்கட்டும்.

போவதற்கு முன்னால், ‘இது எனக்கு எவ்வளவு மார்க் தரும்’ என்று ஒரு ஊகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு உண்மை மார்க்கை எழுதுங்கள். ஊகம் பூஜ்யமாகவும் நிஜம் மூன்றாகவும் இருப்பது மிகவும் சகஜம். சோர்ந்த மனம் வரப்போவதைக் குறைத்தே மதிப்பிடும். அது சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்று பத்து நாள் கணக்கு கண்முன்னால் இருக்கும்போது புரியும். அடுத்தவர் எடுத்துச் சொல்லி இது புரிவதில்லை.

எந்த மாதிரிச் செயல்?

பிடித்ததைச் செய்வது ஒரு வகை: பழைய பாட்டு, பூத்தொடுப்பது, மாடியில் காற்று வாங்குவது. முடித்தோம் என்ற நிறைவு தருவது இன்னொரு வகை: மின் கட்டணம் கட்டுவது, அலமாரியில் ஒரு தட்டை ஒழுங்காக்குவது. இரண்டுமே வேண்டும். சோர்வு அதிகமாக இருக்கும்போது பிடித்த விஷயம்கூட ருசிக்காது. அப்போது நிறைவு தரும் வேலைதான் முதலில் கைகொடுக்கும் என்பது நான் கண்ணால் பார்த்தது. பெரியப்பாவுக்குப் பாட்டு ஒன்றுமே செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் பிரேக்கைச் சரிசெய்த அன்றுதான் நோட்டில் முதல் ஆறு விழுந்தது. அந்தப் பையன் “தாத்தா சூப்பர்” என்று ஒரு வட்டம் ஓட்டிக் காட்டினானாம்.

மூன்றாவதாக, மனிதர்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து மனம் திறந்து பேச வேண்டும் என்பதில்லை. பூக்காரம்மாவிடம் விலை கேட்பது, பேருந்து நிறுத்தத்தில் ஒரு தலையசைப்பு, இவையும் கணக்கில் சேரும்.

வாசல் கோலத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. தினமும் ஒரே நேரம், திறந்த வெளி, விடிகிற வெளிச்சம், குனிந்து நிமிரும் உடம்பு, புள்ளியில் நிற்கும் கவனம், கால் மணியில் முடிந்து கண்முன் நிற்கும் ஒரு வேலை, போகிறவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை. எல்லாமே ஒரு செயலுக்குள் இருக்கிறது. கோலம் போட்டால் மனச்சோர்வு வராது என்று நான் சொல்ல வரவில்லை, போடுகிறவர்களுக்கும் வருகிறது. ஆனால் உங்கள் வாழ்க்கையில் ஏற்கனவே இருந்து, நடுவில் விட்டுப்போன ஒன்று புதிதாகக் கற்க வேண்டிய எதையும்விடச் சுலபமாகத் திரும்பி வரும். முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

தூக்கம், வெளிச்சம், நடை

தூக்கத்தைச் சரிசெய்ய நினைப்பவர்கள் எல்லோரும் படுக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். நம் கட்டுப்பாட்டில் இருப்பது எழும் நேரம். இரவு எப்படிப் போயிருந்தாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுவது, எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வெளிச்சத்தில் நிற்பது, இந்த இரண்டும் உடலின் கடிகாரத்தை மெதுவாக நேர்செய்யும். வீட்டுக்குள் விளக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தாலும் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மேகம் மூடிய காலையில்கூட வெளியே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம். அதனால்தான் பால் வாங்குவது காலை ஆறரைக்கு வைக்கப்பட்டது. பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்துங்கள். காபி, டீயைப் பிற்பகல் மூன்றுக்கு மேல் தவிர்த்துப் பாருங்கள், ஏனென்றால் குடித்த கஃபீனில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

நடையைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வுள்ள 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. 1999இல் வந்த முடிவு இது. தொடக்கத்தில் மாத்திரை கொஞ்சம் வேகமாக வேலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே பயிற்சி வாரத்துக்கு மூன்று முறை, மேற்பார்வையோடு, மூச்சு சற்று வாங்கும் வேகத்தில் நடந்தது. நீங்கள் அந்த வேகத்தில் ஆரம்பிக்க வேண்டாம், வேப்பமரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஒரு மணி நேரம் பாரம் இறங்குவது போலத் தோன்றும். இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் மனத்தை இன்னும் கீழே இழுத்துவிடும். விலகலின் ஐந்து நிமிட நிம்மதிக்கு இதைவிடக் கொடிய உதாரணம் இல்லை.

அசைபோடும் மனம்

நடந்துகொண்டேதான் இருக்கிறேன், ஆனால் மனம் பத்து வருடத்துக்கு முந்தைய அவமானத்தையே மென்றுகொண்டிருக்கிறது என்கிறவர்கள் உண்டு. மாடு அசைபோடுவது செரிப்பதற்காக. மனம் இப்படி அசைபோடுவதில் எதுவும் செரிப்பதில்லை. இதற்கு ஒரு எளிய சோதனை: இரண்டு நிமிடம் யோசித்த பிறகு, செய்யக்கூடிய ஒரு அடியாவது கிடைத்ததா? கிடைத்தால் அது யோசனை, தொடரலாம். கிடைக்காமல் பாரம் மட்டும் கூடியிருந்தால் அது அசைபோடுதல். அப்போது அந்த எண்ணத்தோடு சண்டை போட வேண்டாம். கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் வேலை கொடுங்கள். வெங்காயம் உரிக்கிறீர்களா? தோலின் சத்தம், ஈரம், கண்ணெரிச்சல் என்று அதிலேயே திரும்பத் திரும்ப வந்து நில்லுங்கள். மனம் நழுவும், மறுபடி கூட்டிவாருங்கள். ஃபோன் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பதையும் இதே நேர்மையோடு பாருங்கள்: முடித்ததும் மார்க் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? பதில் உங்கள் நோட்டில் இருக்கும்.

இது மட்டும் போதாத இடங்கள்

சிலருடைய பாரம் வெளியே இருக்கிறது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது கோலமும் நடையும் கடனைத் தீர்க்காது. அவருக்கு முதல் செயல், நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுதுவதாக இருக்கலாம். கோவாவில் கொடுத்த ஆலோசனையிலும் இப்படிப் பிரச்சினைகளைப் பிரித்துத் தீர்க்கும் பயிற்சி சேர்ந்தே இருந்தது. வீட்டில் அடி உதை வாங்கும் பெண்ணிடம் ‘காலையில் எழுந்து நட’ என்று சொல்வது கொடுமை. அவருக்குத் தேவை பாதுகாப்பு. இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.

மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதையும் இதையும் எதிரெதிராக வைக்காதீர்கள். பெரியப்பாவுக்கு இரண்டும் சேர்ந்தே உதவின. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தரச் சில வாரம் ஆகும். அவை போதைப்பொருள் அல்ல. ஆனால் தேறிவிட்டோம் என்று நாமாகச் சட்டென்று நிறுத்தினால் உடம்பும் மனமும் தடுமாறும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். இடையிடையே அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள், காதில் குரல் கேட்பது, பிரசவத்துக்குப் பிறகு தொடங்கிய சோர்வு, சாப்பாடு தண்ணீர் இறங்காத நிலை என்றால் நோட்டும் பேனாவும் அப்புறம் இருக்கட்டும், முதலில் மனநல மருத்துவரிடம் போங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அல்லது உங்களுக்கு வேண்டியவர் அப்படிப் பேசினால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி நடக்காது. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கும். கேட்ட பிறகு அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, தேவைக்கு மேல் இருக்கும் மாத்திரைகள் போன்றவற்றை எட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்துங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

செயலூக்க முறையைக் கேள்விப்பட்டதும் வீட்டார் செய்யும் தவறு, அதைச் சாட்டையாக எடுத்துக்கொள்வது. “டாக்டரே நடக்கச் சொல்லியிருக்கார், ஏன் படுத்தே கிடக்கீங்க?” என்றால் நடை இன்னொரு தோல்வியாக மாறிவிடும். சொல்வதைவிடச் சேர்ந்து செய்வது உதவும். “கறிவேப்பிலை வாங்கணும், கூட வாங்களேன்” என்பது அறிவுரையாகக் காதில் விழாது. பெரியம்மா கடைசியில் அதைத்தான் கற்றுக்கொண்டார். ரிப்பேர் ஆன சாமான்களை ஒன்றொன்றாக அவர் முன்னால் வைக்க ஆரம்பித்தார். சிலவற்றைத் தானே வேண்டுமென்றே தளர்த்தி வைத்ததாகப் பின்னால் எங்களிடம் ஒத்துக்கொண்டார்.

பெரியப்பா நேர்கோட்டில் தேறவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு உறவினர் சாவுக்குப் போய் வந்து மூன்று நாள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ‘எல்லாம் போச்சு’ என்று நாங்கள் பயந்தோம். ஆலோசகர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு மறுபடி பால் பாக்கெட்லருந்து ஆரம்பிங்க ஐயா” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் ஆறரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். அன்றைக்கு அவர் நோட்டில் எழுதியிருப்பதைப் பிறகு ஒருநாள் எனக்குக் காட்டினார்: ‘6.30. பால். போக இஷ்டமில்லை. போனேன். கடைக்காரர் சில்லறை இல்லைன்னு நாளைக்குத் தரச் சொன்னார். 3.’